எழுத்துக்கு முன் ஓட்டம்

முன்பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சியும் உடலியக்க இசைவும்

மாசி மகத்தையொட்டி மாத்தளை நகருக்குச் சென்று வந்தவர்களுக்கு இக்காட்சி நினைவிருக்கும். ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் ஐந்து தேர்களும் வீதியுலா வரும்போது, மலைத்தோட்டங்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்த அடியார்கள் வடம் பிடித்து நிற்பர். தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளையோ கீழே இறங்கத் துடிக்கும். வடத்தைத் தொட வேண்டும், மேளச் சத்தத்துக்குக் குதிக்க வேண்டும் என்று கால்களை உதறும். சனநெருக்கத்தில் இறக்கிவிட முடியாது. ஆகவே தந்தை அந்தக் கால்களை இறுகப் பிடித்துக்கொள்வார். அது சரியே. ஆனால் தேர் இருப்பிடம் சேர்ந்த பின்னரும், ஆண்டின் ஏனைய நாட்களிலும், அந்தக் கால்களை நாம் விடுகிறோமா என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வியாகும்.

நான் முன்பள்ளி ஆசிரியையாகப் பணியைத் தொடங்கிய காலத்தில் ஒரு பிழை செய்தேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் அடிக்கடி தடுக்கி விழுவான். பந்தை எறிந்தால் பிடிக்க மாட்டான். பென்சிலை இறுகப் பிடித்துக் கொப்பியைக் கிழித்துவிடுவான். மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும் நேரத்தில் அவனை மட்டும் மேசையில் இருத்தி, "அ" எழுதி முடித்த பிறகு போகலாம் என்றேன். அவனைக் கூட்டிப் போக வந்த அப்பாயி இதைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இவனுக்கு ஒத்தக் கால்ல நிக்கவே இன்னும் வரல. காலு நிக்காம கையி எப்புடி நிக்கும்?" என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சொல்வதுதானே என்று சிரித்துவிட்டேன். அந்தப் பையன் கொப்பியைக் கண்டாலே அழும் பிள்ளையாகத் தரம் ஒன்றுக்குப் போனான். சில ஆண்டுகள் கழித்துப் பயிற்சி வகுப்பொன்றில் பிள்ளையின் உடல் வளர்ச்சி பற்றிப் படித்தபோதுதான், அப்பாயி சொன்னதே பாடம் என்று விளங்கியது. அவனுக்கு நான் மறுத்த விளையாட்டு நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. இனி வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஏரோபிக் பயிற்சி என்றால் என்ன?

பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் பழையது. ஓடுதல், மேடேறுதல், குதித்தல், நீந்துதல், கும்மியடித்தல் போன்று கைகால்களின் பெரிய தசைகள் தொடர்ந்து இயங்கும் எந்தச் செயலும் ஏரோபிக் பயிற்சியே. தசைகளுக்குக் கூடுதல் ஒட்சிசன் தேவைப்படுவதால் இதயம் வேகமாகத் துடிக்கும். நுரையீரல் வேகமாக மூச்சு வாங்கும். தொடர்ந்து செய்துவரும்போது இதயமும் நுரையீரலும் வலுவடைகின்றன. பிள்ளை போதிய வேகத்தில் இயங்குகிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. அப்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாதிருக்க வேண்டும்.

பெரியவர்கள் அரை மணி நேரம் ஒரே சீராக நடப்பதைப் போலச் சிறு பிள்ளைகள் செய்வதில்லை. ஒரு நிமிடம் பாய்ந்து ஓடும், நிற்கும், எறும்பைப் பார்க்கும், மறுபடியும் ஓடும். அதுவே அவ்வயதின் இயல்பு. ஆகவே முன்பள்ளிப் பிள்ளையை வரிசையில் நிறுத்தி மைதானத்தைச் சுற்றி ஓட வைப்பது பொருத்தமான பயிற்சியன்று.

உடலியக்க இசைவு என்றால் என்ன?

அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்திக் கோயிற்படி ஏறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கண் படியைப் பார்க்கிறது. கால் அதன் உயரத்துக்கு ஏற்ப எழுகிறது. கை தட்டைச் சாயாமல் பிடிக்கிறது. கண்ணும் கையும் காலும் ஒன்றுக்கொன்று இணங்கி, உரிய நேரத்தில் உரிய அளவில் இயங்குவதே உடலியக்க இசைவாகும்.

இதற்கு மூளையின் பின்புறத்தில் உள்ள சிறுமூளை பெரிதும் துணை செய்கிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, கண்கள், தசைகள், மூட்டுகள் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளை சேர்த்துப் பார்த்து அசைவுகளைத் திருத்துகிறது. இத்திறமை பிறக்கும்போதே முழுமையாக வந்துவிடுவதில்லை, செய்து செய்தே வர வேண்டும். தேயிலை மலையிற் குறுக்குப் பாதை எப்படி உண்டாகிறது? யாரும் அதை வெட்டி வைப்பதில்லை. நாளும் பலர் நடந்து நடந்தே தடம் விழுகிறது. நரம்புகளிலும் அவ்வாறே ஒரே அசைவு பல தடவை நிகழும்போது வழி பதிகிறது.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு

விரைவில் களைத்துப் போகும் பிள்ளை இரண்டு தடவை பந்தை எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடும். மூச்சுப் பலம் உள்ள பிள்ளை இருபது தடவை எறியும். இருபது தடவை எறிந்த பிள்ளைக்கே கை பழகும். கை பழகினால் விளையாட்டில் ஆசை வரும். ஆசை வந்தால் இன்னும் ஓடும். உடல் இன்னும் பலமடையும்.

இந்தச் சக்கரம் மறுபக்கமும் சுழலும். தடுக்கி விழும் பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வர். அது விளையாட்டிலிருந்து ஒதுங்கும். ஒதுங்குவதால் உடல் பழகாது, அதனால் மேலும் தடுமாறும். ஐந்தாறு வயதுக்குள் இந்த ஒதுங்குதலைக் கண்டு தடுக்க வேண்டியது பெற்றோரதும் ஆசிரியரதும் கடமையாகும். நான் அந்தப் பையனை மேசையில் இருத்தியபோது, இந்தச் சக்கரத்தைத் தவறான பக்கம் சுழற்றிவிட்டேன்.

எழுதுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உடல் நடுப்பகுதி நிமிர்ந்து நின்றால்தான் தோள் உறுதியாக நிற்கும். தோள் உறுதியாக நின்றால்தான் மணிக்கட்டும் விரல்களும் நுட்பமாக அசையும். பெருந்தசைகள் பழகும்போதே நுண்தசைகளின் வேலையும் இலகுவாகிறது. பென்சிலைப் பிடிக்கும் மூன்று விரல்களுக்குப் பின்னால் முழு உடம்பும் நிற்கிறது.

பிள்ளைத்தமிழ் காட்டும் வளர்ச்சிப்படி

எம் முன்னோர் பிள்ளையின் அசைவுகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையே சான்றாகும். ஐந்தாம் மாதமளவில் ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலையசைத்து ஆடுவது செங்கீரைப் பருவம். ஒன்பதாம் மாதமளவில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணிப் பருவம். தளர்நடை நடந்து வரும்படி அழைப்பது வருகைப் பருவம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பின்னர் சிறுபறை கொட்டுதலும் சிறுதேர் உருட்டுதலும் வருகின்றன. பெண்பாற் பிள்ளைத்தமிழில், குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிற் போல, எறிந்து பிடிக்கும் அம்மானையும் ஊஞ்சலாடும் ஊசலும் வருகின்றன.

இன்றைய வைத்தியர்கள் கிளினிக்கில் பார்க்கும் வளர்ச்சிப்படிகளும் இவ்வழியே செல்கின்றன. பெண்பிள்ளை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று சொல்லும் வீடுகள் இன்னும் உள்ளன. மீனாட்சிக்கு ஊஞ்சலும் அம்மானையும் கொடுத்த மரபில் அதற்கு இடமில்லை.

முன்பள்ளி வயதில் பொதுவாக எதிர்பார்க்கக் கூடியவை வருமாறு:

மூன்று வயதில்: ஓடும். படிக்கு ஒரு காலாக மாற்றி மாற்றி வைத்து ஏறும். மூன்று சில்லுச் சைக்கிள் மிதிக்கும். வட்டம் வரையும்.

நான்கு வயதில்: ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்கும். பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். கூட்டற் குறி போன்ற வடிவம் வரையும்.

ஐந்து வயதில்: ஒற்றைக் காலால் கெந்திச் செல்லும். ஒற்றைக் காலில் பத்து விநாடிகள் வரை நிற்கும். முக்கோணம் வரையத் தொடங்கும்.

ஒரு பிள்ளை முந்தலாம், இன்னொரு பிள்ளை சில மாதங்கள் பிந்தலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்ட வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன்படி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க ஆடும் விளையாட்டாக இருக்க வேண்டும். இதனை ஒரே தடவையில் செய்ய வேண்டியதில்லை, நாள் முழுவதும் பரவியிருக்கலாம். கைத்தொலைபேசி, தொலைக்காட்சி போன்ற திரைகளின் முன் இருக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கம் உட்பட 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கமும் அவசியமாகும்.

மலைப்பகுதிப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டுமா, மேடு பள்ளம் ஏறி இறங்குவதே போதாதா என்று சிலர் நினைக்கலாம். மேடேறும் பிள்ளைக்குக் கால் உரம் பெறுவது உண்மையே. ஆனால் எறிதல், பிடித்தல், கெந்துதல், தாளத்துக்கு அடி வைத்தல் ஆகியவை மேடேறுவதால் மட்டும் வரமாட்டா. அவற்றுக்குச் சமதரை வேண்டும், தோழர்கள் வேண்டும், நேரம் வேண்டும். லயத்துக் காம்பராவில் இடமில்லை. இஸ்தோப்பில் இரண்டு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். வாசலைத் தாண்டினால் கானும் சரிவும். கிராமத்து வீட்டில் முற்றம் இருந்தாலும் பாதையில் வாகனப் பயம். முன்பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகள் பலர் இப்போது முச்சக்கர வண்டியில் போகின்றனர்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளும் முன்பள்ளிகளும் மூடப்பட்டபோது வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளின் கையில் தொலைபேசி வந்தது. அந்தத் தொற்று தணிந்தது. தொலைபேசி கையை விட்டுப் போகவில்லை. அழுகிற பிள்ளைக்குச் சோறூட்ட அது இலகுவான வழி என்பதை அறிவேன். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து சமைக்கும் தாயைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆகவே வீட்டால் முடியாததை ஊர் செய்து கொடுக்க வேண்டும்.

கோட்டின் மேல் நடை

எமது நாட்டில் முன்பள்ளியை இன்றும் பலர் "மொண்டிசோரி" என்றே அழைக்கின்றனர். இத்தாலிய வைத்தியரான மரியா மொண்டிசோரி அம்மையாரின் பெயரே அது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நெறி நடத்தினார். அவருடைய முறையில் ஒரு சிறப்பான பயிற்சி உண்டு. தரையில் நீள்வட்டமாக ஒரு கோடு வரையப்படும். பிள்ளைகள் அதன்மேல் குதிகாலையும் விரல் நுனியையும் ஒட்ட வைத்து மெதுவாக நடப்பர். பழகிய பின் கையில் கொடியோ, தண்ணீர்க் குவளையோ, மணியோ ஏந்தி, நீர் சிந்தாமல், மணி ஒலிக்காமல் நடப்பர். பெயர்ப்பலகையில் மொண்டிசோரி என்று எழுதியுள்ள எல்லா இடங்களிலும் இந்தக் கோடு தரையில் இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்கலாம்.

எமக்கு இது புதிதா? நேர்த்தி வைத்து அடியோடு அடி ஒட்டி அடிப்பிரதட்சிணம் செய்யும் தாய்மாரைப் பாருங்கள். அதே நடைதான். பிள்ளையார் முன்னே தோப்புக்கரணம் போடும்போது கைகள் குறுக்காகச் செல்ல, முழங்கால் மடங்கி, சமநிலை குலையாமல் எழ வேண்டும். இதனால் அறிவு பெருகிவிடும் என்று மிகைப்படுத்தத் தேவையில்லை. நல்ல உடற்பயிற்சி என்ற அளவிலேயே அது பெறுமதியானது. பள்ளியில் இதைத் தண்டனையாகக் கொடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டும். கும்மியில் அடி வைத்தல், கை கொட்டுதல், திரும்புதல் மூன்றும் ஒரே தாளத்தில் நிகழ்கின்றன. கோலாட்டத்தில் எதிரே இருப்பவரின் கோலைக் கண் பார்க்க, கை தட்ட, கால் நகர வேண்டும். மூச்சு வாங்கும் பயிற்சியும் உடலியக்க இசைவும் ஒருங்கே அமைந்த கலைகள் இவை.

அரை மணி நேரப் பயிற்சி

முன்பள்ளியிலோ கோயில் முற்றத்திலோ பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு செய்யக்கூடிய ஒழுங்கு இது. விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை.

1. உடலைச் சூடாக்கல் (5 நிமிடம்): கைகோத்து வட்டமாக நடத்தல், பின் விரைவாக நடத்தல், கை வீசுதல்.

2. மிருக நடை (5 நிமிடம்): யானை போல ஆடி நடத்தல், தவளை போலத் தாவுதல், முயல் போலக் குதித்தல், கொக்குப் போல ஒற்றைக் காலில் நிற்றல்.

3. கோட்டு நடை (5 நிமிடம்): சுண்ணாம்பால் நேர்கோடு, வளைகோடு வரைந்து அதன்மேல் நடத்தல். பின் தலையில் ஒரு கொப்பியை வைத்து நடத்தல்.

4. பந்து (5 நிமிடம்): பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தே போதும். துணிப்பந்து உருண்டு ஓடாது, பட்டாலும் வலிக்காது. முதலில் உருட்டுதல், பிறகு எறிதல், கடைசியில் பிடித்தல்.

5. பாண்டி அல்லது கும்மி (7 நிமிடம்): கெந்தத் தெரியாத பிள்ளை இரண்டு காலாலும் தாண்டட்டும். கோலாட்டத்துக்குப் பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கோலாக்கலாம்.

6. இளைப்பாறல் (3 நிமிடம்): தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதை உணர்தல். பின் தண்ணீர் குடித்தல்.

சும்மா விளையாட விடுவதும் வேண்டும். எனினும் எறிதல், பிடித்தல், கெந்துதல் போன்றவற்றைப் பெரியவர் ஒருவர் செய்து காட்டி, சிறிது சிறிதாகக் கடினமாக்கிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை நன்கு கற்றுக்கொள்ளும்.

விரல்களுக்கான பயிற்சியை வீட்டிலேயே கொடுக்கலாம். கோலத்துக்குப் புள்ளி வைக்கவும், பூக்காம்பு ஒடிக்கவும், வெள்ளைப்பூடு உரிக்கவும் பிள்ளையை அருகில் இருத்துங்கள். மாத்தளை மண்ணில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் இல்லாத வீடு குறைவு. அவற்றைக் கலந்து வைத்து வேறு வேறாகப் பிரிக்கச் சொல்லலாம். ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் சிறு மணிகளைக் கொடுக்க வேண்டாம். தொண்டையில் அடைத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளை இவ்வயதில் தவிர்ப்பது நல்லது. முதலில் வெளியேறி ஓரத்தில் குந்தியிருப்பது தடுமாறும் பிள்ளையே. பயிற்சி அதிகம் தேவைப்படுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான். பரிசும் முதலிடமும் பிறகு வரட்டும்.

இழுப்பு உள்ள பிள்ளையை விளையாட்டிலிருந்து ஒதுக்க வேண்டாம். வைத்தியரின் ஆலோசனைப்படி மருந்தெடுத்துக்கொண்டு விளையாடலாம். ஆனால் விளையாடும்போது உதடு நீலமாதல், மயங்கி விழுதல், நெஞ்சு வலி என்பன காணப்பட்டால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். எப்போதும் சோர்ந்து வெளிறியிருக்கும் பிள்ளைக்கு இரத்தச்சோகை இருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி ஆலோசனை பெறுக. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையை ஓட வைப்பது கொடுமையாகும். முதலில் ஒரு வாய் உணவு, பிறகே ஓட்டம்.

முன்பு செய்த ஒன்றைச் செய்ய முடியாமற் போகும் பிள்ளையை, அதாவது நடந்த பிள்ளை நடக்கத் தடுமாறினால், தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றப்படி எல்லாம் நன்றாக இருந்தும் உடலியக்கம் மட்டும் வயதுக்கேற்ப அமையாத பிள்ளைகள் பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேர் வரை உள்ளனர். இது சோம்பலும் அன்று, கிரக தோஷமும் அன்று. அடித்துத் திருத்தவும் முடியாது. பொறுமையான பயிற்சியே மருந்து. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் வட்டத்தில் ஓர் இடம் வையுங்கள். கை மட்டும் அசைந்தாலும் கும்மி கும்மியே.

இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம். பிரசாதம் வலக்கையால் வாங்கப் பழக்கலாம். பென்சிலை அதன் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.

ஊர் செய்ய வேண்டியது

தாய்மார் மலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைக் காம்பராவிலும் முன்பள்ளியிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகள் குறைந்த வசதியோடு பெரிய பணி செய்கின்றனர். அவர்களிடம் "பிள்ளை இன்று எத்தனை எழுத்து எழுதியது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்று எவ்வளவு நேரம் ஓடியது? என்ன விளையாடியது?" என்றும் கேளுங்கள். பெற்றோர் எழுத்தையே கேட்பதால்தான் ஆசிரியைமார் எழுத்தையே காட்ட வேண்டியுள்ளது. நானும் அந்தப் பயத்திலேயே அந்தப் பையனை மேசையில் இருத்தினேன்.

எமது ஆலய முற்றம் ஊரில் உள்ள சிறந்த சமதரையாகும். வாகனம் வராது. பெரியவர்களின் கண் இருக்கும். ஞாயிறு அறநெறி வகுப்புக்கு அண்ணன், அக்காமாரோடு சின்னஞ்சிறு பிள்ளைகளும் வருகின்றனர். வகுப்பு தொடங்குமுன் அரை மணி நேரத்தை அவர்களுக்கென ஒதுக்கி, சுண்ணாம்பால் ஒரு கோடும் பாண்டிக் கட்டமும் வரைந்து வைத்தால் போதும். கும்மி தெரிந்த தாய்மார் ஊரில் இன்னும் இருக்கின்றனர். அவர்களில் ஒருவர் முன்னின்றால் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கிடைக்கும், கலையும் அழியாது நிற்கும். ஆலய பரிபாலன சபையினர் இதனைக் கவனத்திற் கொள்வார்கள் என நம்புகிறேன்.

அடுத்த திருவிழாவில் சிறுவர்க்கென ஒரு சிறுதேர் செய்து, உள்வீதியில் அவர்கள் கையாலேயே இழுக்க விடுவோம். தோளில் இருக்கும் பிள்ளை அன்று தரையில் இறங்கட்டும். இரண்டு தடவை விழும், எழும்பும். மூன்றாம் தடவை வடத்தை விடாமல் பிடிக்கும். அந்தக் கை நாளை எழுத்தையும் அப்படியே பிடிக்கும்.

அம்பாள் அருளால் எம் பிள்ளைகள் நோயற்ற உடலும் நிறைந்த கல்வியும் பெற்று வாழ்வார்களாக.